முதலில் போனவர்கள்

அந்தப் பக்கம் உடனே திறந்துவிட்டது. அதுதான் தப்பு.

ஓர் இணையப் பக்கத்தை யாராவது முதன்முதலாகக் கேட்கும்போதுதான் சர்வர் அதைக் கம்பைல் செய்யும், அதாவது ஓடும் வடிவத்துக்குத் தயாராக்கும். அதற்குள் கேட்டவருக்குக் கொட்டாவி வந்துவிடும். இரண்டாவது ஆளுக்குத்தான் சட்டென்று வரும். ஆகவே தளத்தை ஊருக்குத் திறந்துவிடும் முன், எல்லாப் பக்கங்களையும் ஒரு முறை கேட்டு, முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்துவிட வேண்டும். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எழும்பியிருந்த புது அடுக்குமாடிக்கு, வீட்டுக்கு ஒரு பக்கம் என்று கனகசுந்தரம் செய்துகொண்டிருந்தது அந்த வேலையைத்தான். பழைய கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தான். மற்ற பக்கங்கள் முறைப்படி முக்கி முனகித் திறந்தன. ஒரு வீட்டின் பக்கம் மட்டும், அவனுக்கு முன்பே யாரோ வந்து போனதுபோலத் திறந்தது.

அது அவன் வாங்கியிருந்த வீடு.

"கேஷ் மெமரில ஏதோ பழசு ஒட்டிக்கிட்டிருக்கு அண்ணே, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. இல்லாட்டி ரெண்டாயிரமாம் வருஷத்து ஒய்-டூ-கே பேய் ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருச்சுலா!" கூட வேலை செய்யும் லாரன்ஸ் சிரித்துவிட்டு, மழைக்கு முன் வீடு சேர மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மழை வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் அந்தப் பழைய கடைவீட்டு மாடியில், கீழேயிருந்து ஏறிவந்த நாசி கண்டார் குழம்பின் வாசமும் ஈரச் சுண்ணாம்பின் நெடியும் ஒன்றாகக் கலந்து நிற்க, மாலைத் தொழுகைக்கான அழைப்பு மழைச் சத்தத்துக்குள் கரைந்துபோக, சர்வரின் விசிறி மட்டும் மூக்கடைத்த பிள்ளை மூச்சு விடுவதைப் போல இழுத்து இழுத்துச் சுற்றியது. கனகசுந்தரம் அதை அணைத்துப் போட்டான். கம்பைல் ஆன கோப்பை அழித்தான். வெளியிலிருந்து யாரும் நுழையாதபடி நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கினான். பக்கத்தைக் கேட்டான்.

உடனே திறந்தது.

அவனுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்ததை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக் காலை அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள். அவன் மனைவி ஞானாம்பிகைக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு, ஆறாம் மாதம் தாண்டாமலே போய்விட்டன. இந்த முறையாவது தங்க வேண்டும். நிறைகுடத்தோடு அவள்தான் முதலில் நுழைய வேண்டும், அவளுக்கு முன் அந்த வீட்டில் யாரும் காலடி வைக்கக் கூடாது. இந்த விஷயத்தில் அவனைப்போல ஒரு பிடிவாதக்காரன் பினாங்கில் கிடையாது. தளத்துக்குப் படம் எடுக்கப் போன லாரன்ஸைக்கூட வாசலுக்கு வெளியிலேயே நிற்க வைத்தவன் அவன்.

முதலில் யார் போனார்கள்?

அப்போதுதான் உறைத்தது. பக்கங்களைக் கேட்டுக்கொண்டே போகும் நிரலுக்கு, சோதனைக்காக, வருகையாளர் பெயர் கொடுக்க வேண்டும். லாரன்ஸ் தன் பூனையின் பெயரைப் போடுவான். கனகசுந்தரம் இரண்டு பெயர்கள் போட்டிருந்தான். போய்விட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் அவனும் அவளும் பார்த்து வைத்திருந்த பெயர்கள். வாய்விட்டு யாரையும் கூப்பிட்டிராத பெயர்கள் எங்காவது ஒரு மூலையில் புழங்கட்டுமே என்ற ஆசை. வேறொன்றுமில்லை. அந்தப் பெயர்களில்தான் அவன் எல்லா வீடுகளுக்கும் ஆள் அனுப்பியிருந்தான். மற்ற வீடுகளில் அவர்களுக்கு என்ன வேலை?

பெயர்களை அழித்தான். பக்கத்தின் மூலக் கோப்பையே அழித்தான். இனி கம்பைல் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

கேட்டான். திறந்தது.

லாரன்ஸ் எடுத்த கூடத்துப் படம். வெறும் தரை, வெள்ளை ஓடு. வாசலிலிருந்து உள்ளே, படம் எடுத்தபோது இல்லாத ஈரச் சுவடுகள் போயின. கிருஷ்ண ஜயந்திக்கு மாவில் பதிக்கும் பாதங்களோ என்று ஒரு கணம் நினைத்தான். அவை மடக்கிய கைமுஷ்டியால் பதிப்பவை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இவை அப்படி இல்லை. ஒன்று கோணியிருந்தது. ஒன்று வழுக்கியிருந்தது. நடக்கப் பழகும் கால்கள். இரண்டு ஜோடி.

தொலைபேசி அடித்தது.

"என்னங்க..." ஞானாம்பிகை. குரல் வறண்டிருந்தது. "மத்தியானத்திலேருந்து அசைவே இல்லைங்க. சீனித் தண்ணி குடிச்சுப் பார்த்துட்டேன். பக்கத்து வீட்டு சலேஹா அக்கா என்னை ஏத்திட்டுப் போக கெரேத்தா எடுக்கப் போயிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

"ஒண்ணும் இருக்காதும்மா. நீ ஹாஸ்பிட்டல் போ. நான் இப்பவே வந்துடறேன்."

எழுந்தான். திரை ஒருமுறை இமைத்தது. அவன் எதையும் தொடவில்லை.

அதே கூடம். உள்ளே போன சுவடுகள் இப்போது உள்ளே போகவில்லை. திரும்பியிருந்தன. இரண்டு ஜோடியும் வாசலைப் பார்த்து, அருகருகே, யாரையோ எதிர்கொண்டு அழைக்க வந்ததுபோல நின்றன.

"என்னங்க? இருக்கீங்களா? ஏதாச்சும் பேசுங்களேன்..."

அவன் திரைக்கு அருகே குனிந்தான்.

வாசலுக்கு உள்ளே, அவற்றுக்கு நேர் எதிரே, இன்னொரு ஜோடி. இன்னும் சின்னது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும்.

ஈரம் காயவில்லை.