ஏழாம் சர்வரின் பிடி

மூன்று வாரத்துக்கு முன்பே கழற்றி எடுத்துப்போன ஏழாம் சர்வர், பட்டப்பகலில் ஒரு கோப்பைப் பிடித்து வைத்திருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிவிட்டுத் திரையை மறுபடி பார்த்தாள். பத்து சர்வர்களுக்கும் கோப்புகள் பொது. ஒன்று எழுதும்போது மற்றவை குறுக்கிடாமலிருக்க அதற்கு ஒரு லாக், அதாவது பூட்டு, கிடைக்கும். முப்பது நொடிதான் கெடு. அதற்குள் ‘நான் இருக்கிறேன்’ என்று மறுபடி சொன்னால் கெடு நீளும். சொல்லாவிட்டால் செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு லாக் தானாக விடுபடும். ஏழாம் சர்வர் சொல்லிக்கொண்டேயிருந்தது.

“இன்னும் முடியலையா? நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க!” முதுகுக்குப் பின்னால் மேனேஜர் அதட்டினார்.

ஏழாம் சர்வர் பிடித்திருந்தது சர்வர் அறைக் கதவின் பதிவுக் கோப்பை. மூன்று வாரத்துக்கு முன் தீயணைப்பு வாயு பீறிட்டபோது அந்தக் கதவு திறக்கவில்லை. எட்டு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், அவள் ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர், உள்ளே, அந்த ஏழாம் சர்வருக்கு முன்னாலேயே மூச்சுமுட்டிச் செத்தார். அடிக்கடி அலாரம் அடிக்கிறது என்று அவசரத் திறப்பை அணைத்து வைத்தது மேனேஜர். மறுநாளே சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டார். அணைத்ததைச் சொல்லும் அந்த ஒரு வரியைத்தான் இப்போது அழிக்கச் சொல்கிறார். பிள்ளைகளின் படிப்பை நினைத்து அவளும் தலையாட்டியிருந்தாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

ஏசியின் இரைச்சலுக்கு அடியில், பக்கத்துச் சர்வர் அறைக் கதவின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் ஒரு சத்தம்.

தட்.

திரையில் கெடு நீண்டது.

“ஏழாவது சர்வர் பிடிச்சிருக்கு சார். ஆனா அங்க சர்வரே இல்ல. காலி இடந்தான்.”

“அப்ப யாரு பிடிச்சிருக்கா? செத்துப்போன உங்கண்ணனா?” அவர் சிரித்தார்.

அவள் எழுந்தாள்.

“அழிக்க மாட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க.”

“நகரு. நானே போய் அங்க இருக்கிற ஒயரைப் புடுங்கிப் போடறேன்.”

கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

உஸ்ஸ்ஸ்.

வாயு.

அவரை அவள் வெறுத்தாள். ஆனாலும் ஓடினாள். அவசரத் திறப்பின் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். கதவு அசையவில்லை. மறுபடி குத்தினாள். கைப்பிடியில் தொங்கினாள். இழுத்தாள்.

வெள்ளைப் புகை. கண்ணாடியில் மேனேஜரின் உள்ளங்கைகள். பிதுங்கிய கண்கள்.

அவர் தோளுக்கு மேல் இன்னொரு முகம். நீலம் பாரித்த உதடுகள்.

அது அவளைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தது.