இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் சராசரி

செவ்வாயின் நான்காம் கூண்டு நகரத்தில், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு உள்ளங்கையைப் பார்ப்பார்கள். தோலுக்கடியில் பதித்த திரையில் ஓர் எண் ஒளிரும். அன்று வந்தது 82.

"எண்பத்திரண்டு! எல்லாரும் நல்லா இருக்காங்க!" என்று யாரோ கத்த, தக்காளிக் கூடத்தில் கைதட்டல் எழுந்தது.

செண்பகவடிவு மட்டும் கைதட்டவில்லை. தக்காளிகளை எடை போட்டுத் தரம் பிரிப்பது அவள் வேலை. கணவன் நல்லசிவம் குறுங்கோள் சுரங்கத்துக்குப் போய் மூன்றாண்டுகள் ஆகின்றன. போன முதல் மாதமே ஒரு விண்கல் மோதி அங்கிருந்த பெரிய அலைவாங்கி உடைந்தது. அதன்பின் வாரத்துக்கு ஓர் எண் மட்டுமே அங்கிருந்து கீழே வரும், ஒரு சொல் மட்டுமே மேலே போகும். அந்த எண், சுரங்கத்திலிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய நலக்குறியீட்டின் சராசரி. நூறு என்றால் பூரண நலம், பூஜ்யம் என்றால் மரணம்.

அவளுக்கு வேண்டியது சராசரி அல்ல. தோசையின் மொறுமொறு ஓரத்தைக் கிள்ளி அவள் தட்டில் வைக்கும் அந்த ஓர் ஆள்.

அன்றே தொடர்பு அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி எபநேசர் நாற்காலி தந்தார்.

"சார், இருநூத்திப் பதினோரு பேர் எண்பத்திரண்டுல இருந்து, ஒருத்தர் மட்டும் செத்துட்டா சராசரி என்ன வரும்?"

எபநேசர் கணக்குப் போட்டார். எண்பத்தொன்று புள்ளி ஆறு. முழு எண்ணாக்கினால் எண்பத்திரண்டு. அவர் முகம் வெளிறியது.

"நாங்க தக்காளிய ஒரே கூடையா எடை போட்டு நல்லா இருக்குன்னு எழுத மாட்டோம் சார். எடைப்படி வரிசையா அடுக்கி, கடைசில இருக்குறது, கால்வாசில, நடுவுல, முக்கால்வாசில, முதல்ல இருக்குறதுன்னு அஞ்ச எடுத்துப் பாப்போம். ஆளுங்களையும் அப்படி வரிசைப்படுத்தி அஞ்சு நம்பர் அனுப்பச் சொல்லுங்க."

"வாரம் ஒண்ணுதாம்மா வரும்."

"அஞ்சு வாரம் காத்திருக்கேன்."

மேலிருந்து கீழாக வந்தன. முதல் வாரம் 96. பிறகு முக்கால்வாசியில் நிற்பவருக்கு 90, நடு ஆளுக்கு 86, கால்வாசியில் நிற்பவருக்கு 78. ஐந்தாம் வெள்ளியன்று உள்ளங்கைகளில் ஒளிர்ந்தது 9.

சுரங்கத்தில் யாரோ ஒருவர் செத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே எல்லாக் குடும்பங்களுக்கும் படிவம் போயிற்று. 'அந்த ஒன்பது உங்கள் வீட்டு ஆளாக இருக்கக்கூடுமா? ஆம் என்று ஒரு குடும்பமாவது எழுதினால், அவர் யார் என்று காட்டும் பணியாளர் எண்ணைக் கேட்டுப் பெறுவோம். இல்லையென்றால், உங்கள் ஆள் எந்தக் கால்பகுதியில் இருப்பார்?'

மூன்றாம் நாள் எபநேசர் செண்பகவடிவை அழைத்தார். மேசைமேல் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.

"ஒருத்தர்கூட ஆமான்னு எழுதலம்மா. மேல் கால்பகுதில ஐம்பத்து மூணு பேருக்குத்தான் இடம். நூத்தித் தொண்ணூறு குடும்பம் நம்மாளு அங்கதான்னு எழுதியிருக்கு." ஒரு தாளை உருவி அவள்முன் நகர்த்தினார். "நீங்களும்தான்."

அவளுடைய கையெழுத்து. 'இல்லை. மேல் கால்பகுதி.'

"அவரு திடகாத்திரமான ஆளு சார்," என்றாள். "தும்மல்கூட வராது."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நம்பர் கேக்கட்டுமா?"

அவள் தன் படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தலையாட்டி மறுத்தாள்.

"வேண்டாம். அவரு நல்லாத்தான் இருப்பாரு. ஆனா இந்த வாரம் மேல போற ஒரு சொல்ல அந்த ஒன்பதுக்கு அனுப்புங்க. யாரோ, பாவம். நான் எழுதித் தர்றேன்."

எபநேசர் தாளை நீட்டினார். பிழைத்துக்கொள், தைரியம், வந்துவிடு என்று ஏதாவது எழுதுவாள் என்று நினைத்தார். அவள் எழுதி, மடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பிரித்தார். 'பட்டாணி' என்றிருந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லசிவம் தன் மனைவியைத் தனிமையில் அழைக்கும் பெயர் அது என்பது இரு கோள்களிலும் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.