சுவரைப் பார்த்த மூட்டைகள்

அன்று காலை திலகா அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டிய உருட்டில், மானாம்பதி ஏரியில் மீனுக்குக் காத்திருந்த கொக்குகளெல்லாம் வேடந்தாங்கலுக்கே குடிபெயர்ந்துவிட்டன. ஒன்றிரண்டு காது கேட்காத கொக்குகள் மிச்சமிருந்திருக்கலாம்.

அத்தனைக்கும் காரணம் ஒரு கரண்டி சோறு. ஏழு வயது அம்முலு தட்டை நீட்டி, "அத்தை, இன்னும் கொஞ்சம்..." என்று கேட்டுவிட்டாள்.

"கேளு கண்ணு, கேளு! உங்கப்பன் வண்டி வண்டியா கொண்டாந்து கொட்டிகீறான் பாரு!"

செவ்வந்தி மகளின் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். காவாந்தண்டலத்தில் புருசன் சுகுமாரோடு மனத்தாங்கலாகி அண்ணன் வேதகிரி, அண்ணி திலகா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இரண்டாம் முறை சோறு கேட்டதே கிடையாது. அண்ணன்தான் கூட்டிப்போய் ஜீவனாம்ச வழக்குப் போட வைத்தான். மகளுக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. பணம்தான் வரவில்லை. பாக்கிக்காக இப்போது சுகுமார் மேல் பிடிவாரண்ட். 'புருசனையே ஜெயிலுக்கு அனுப்புறவ' என்று ஊர் பேசிய பேச்சில், பேருந்தில் அவள் பக்கத்துச் சீட்டில் உட்காரக்கூட ஆள் வரவில்லை.

ஆனால் அன்று அவள் பயந்தது அதற்காக அல்ல. வாரண்டுக்குரிய அந்த மகானுபாவன் அப்போது அதே வீட்டு நெல் அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தான்!

விடிந்தும் விடியாமலும் பின்கதவு வழியாக நுழைந்துவிட்டான். "எல்லா எடத்துலயும் போலீசு தேடிக்கினு கீது. உன் வூட்ல மட்டும் தேட மாட்டாங்க" என்றான். வாரண்ட் வாங்கினவள் காலடியிலேயே ஒளிகிற மூளை உலகத்தில் வேறு எவனுக்கு உண்டு? அதோடு விட்டானா! "குடுத்ததெல்லாம் வாங்கிக்கினு வாரண்டும் வாங்கிட்டியே, செவ்வந்தி..." என்று கண் கலங்கினான்.

"இன்னாத்தக் குடுத்த?" என்று கேட்பதற்குள் அண்ணியின் மெட்டிச் சத்தம். மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் அவனைத் திணித்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். காட்டிக்கொடுத்தால் பெற்ற மகள் எதிரிலேயே அப்பன் கையில் விலங்கு. மறைத்தாலோ சோறு போடுகிற அண்ணனுக்குத் துரோகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்... உள்ளே அவனுக்கும், வெளியே அவளுக்கும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள். ஏட்டு டேனியல்.

"ஏம்மா, காவாந்தண்டலத்துல ஆளே இல்ல. எங்க போவான்னு உனக்குத்தான் தெரியும். வந்து காட்டு."

"காட்டு செவ்வந்தி, பாவம் பாக்காத!" என்றான் வேதகிரி. "உள்ள தள்ளினாத்தான் அவனுக்கு புத்தி வரும்!"

"எனக்கு இன்னாண்ணா தெரியும்..." என்றபடி நெல் அறை வாசலை மறைத்து நின்றாள்.

"பாத்தீங்களா ஏட்டய்யா?" திலகா கரண்டியோடு வந்தாள். "சோறு இங்க, பாசம் அங்க!"

அப்போது கேட்டது ஒரு தும்மல். நெல் தூசி மூக்கில் ஏறி, அடக்கி அடக்கி வெடித்த தும்மல்! கூரையிலிருந்த பல்லி கீழே விழுந்தது. ஏட்டு தொப்பியைப் பிடித்துக்கொண்டார். அடுக்கு ஆடி, மேல்மூட்டை சரிந்து உருண்டு, அறை வாசலில் செவ்வந்தியின் காலடியில் வந்து விழுந்தது.

எல்லாரும் தலையெல்லாம் உமியோடு நின்ற சுகுமாரைப் பார்த்தார்கள். செவ்வந்தி மூட்டையின் வாயைப் பார்த்தாள்.

கோணி ஊசித் தையல் ஒவ்வொன்றும் ஊர் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. 'பீச்சாங்கையால தச்சா மூட்டை கூட கோணிக்கினு நிக்குது' என்று கல்யாணமான புதிதில் சுகுமாரைக் கேலி செய்தவளே அவள்தானே!

இன்னொன்றை இழுத்தாள். அதே சாய்வு. மற்றொன்று... அதுவும்! அறுப்புக்கு அறுப்பு 'குத்தகை நெல்' என்று சொல்லி, வாய்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி அண்ணன் அடுக்கிய காரணம் இப்போது விளங்கியது.

"இது யாரு நெல்லுண்ணா?"

வேதகிரி ஒரு மூட்டையை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தான். சுகுமார்தான் விழித்தான். "இன்னாம்மா கேக்குற? உனுக்கும் பாப்பாவுக்கும்னு நான்தான் கொண்டாந்து போடுறேன். நீ நூறு நாள் வேலைக்குப் போயிட்டன்னு மச்சான் இறக்கிக்குவாரு. கோர்ட்டுக்குக் கூட வர வாணாம், நான் பாத்துக்கறேன்னாரு..."

"கெணத்துக்கு போர் போட்ட கடன் கழுத்த நெரிச்சுது தங்கச்சி!" வேதகிரி உடைந்தான். "நெல்லோட அவன் கோர்ட்டுப் பணத்தையும் கட்டினா கடன் அடையும்னு..."

கரண்டி கீழே விழுந்தது. "அய்யோ... அந்தச் சோத்த வெச்சா உன்னக் குத்திக் காட்டினேன்!" திலகா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுத அழுகையில் ஏரியே ஒரு விரற்கடை ஏறியிருக்கும்.

செவ்வந்திதான் முதலில் கண்ணைத் துடைத்தாள். புருசன் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்யா என் கையில குடுக்கல?"

"ஆம்பள கீற வூட்ல... மச்சான் கையில குடுக்கறதுதான முறை..."

"பொண்ணு எனக்குப் பொறந்தாளா, உன் மச்சானுக்கா? இவரு வாங்கினாரு, நீ குடுத்த. நடுவுல நான் ஒருத்தி கீறேன்னு யாருக்காவது தோணுச்சா?"

இரண்டு ஆண்களும் தரையில் எதையோ தொலைத்தவர்கள்போலத் தேடினார்கள்.

"இன்னாம்மா பண்ணலாம்?" என்றார் ஏட்டு.

"கோர்ட்டுக்குப் போலாங்கய்யா. கேஸ் போட்டவ நான், நடந்தத நானே சொல்றேன். இனிமே என் பேருல கீற பேங்க் கணக்குல கட்டட்டும். அண்ணா, சாட்சிக்கு அந்த மூட்டையத் தூக்கு. யோவ், நீயும் ஒண்ணு தூக்கு."

அண்ணனும் புருசனும் ஆளுக்கொரு மூட்டையோடு முன்னால் போக, பின்னால் ஏட்டு. தெருவே வாய் பிளந்தது. செவ்வந்தி வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றாள். இருட்டுவதற்குள் இதே படியேறித்தான் திரும்ப வேண்டும். அவளுக்கு வேறு வாசல் இல்லை.

"அண்ணி... ஒல வெய்யுங்க. வந்து துன்றேன்."

அடுப்படிக்குத் திரும்பிய திலகா, அழுதுகொண்டே அம்முலுவின் தட்டை எடுத்துச் சோற்றைக் குவித்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா கண்ணு?"