கொலின்ஸ் அவர்கள் சொன்ன ஓம்

மனிதன் நெருப்பைக் கண்டான், சக்கரத்தைக் கண்டான், மூன்றாவதாக இசையைக் கண்டபோதுதான் மிருகத்திடமிருந்து முற்றாகப் பிரிந்தான். இந்த வசனத்தை அகில இலங்கை சமாதான நீதவான் கொலின்ஸ் அவர்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பலமுறை சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். அன்று பின்னேரம், மிருகத்திடமிருந்து முற்றாகப் பிரிந்த அதே மனிதர், தாழ்வுபாட்டு வீட்டுக் கட்டிலில் குந்தியிருந்து, தீப்பெட்டி அளவான ஓர் எம்.பி.த்ரீ பிளேயரின் திரையை விரலால் குத்திக்கொண்டிருந்தார். பாட்டின் பெயர், பற்றரியின் அளவு, ஓர் இசைக்குறி எல்லாம் திரையில் பளிச்சென்று தெரிந்தன. எதுவும் அசையவில்லை. அது திரையல்ல, திரைக்கு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த படம் என்று விளங்கக் கனநேரம் எடுத்தது. தாளை உரித்தார். சுற்றிப் பார்த்தார். நல்ல வேளை, பார்த்தவர் ஒருவருமில்லை.

உரித்த பிறகு தெரிந்த உண்மையான திரையில் ஒரேயொரு வரி இருந்தது. பெயரில்லாத ஒரு பதிவு. கடைப் பெட்டியை உடைத்துப் பிளேயரை முதலில் வெளியே எடுத்தவர் அவர்தான். பாட்டு ஒன்றும் இன்னும் ஏற்றவில்லை. அழுத்திப் பார்த்தார். காதுக்குள் காற்றுச் சத்தம் கேட்டது. காற்று மட்டும்தான். ஆனால் அது வெட்டவெளிக் காற்று அல்ல. ஒரு மதிலில் மோதித் திரும்புகிற காற்று.

எம்.பி. என்ற எழுத்துகளில் அவருக்கு ஒரு மயக்கம் இருந்தது உண்மை. பிரதேச சபைத் தேர்தலிலேயே கட்டுக்காசு இழந்தவர். ஆனால் அவர் இந்தப் பெட்டியை வாங்கியது அதற்காக அல்ல. நித்திரைக்காக. மன்னார்த் தீவின் தென்கரை நெடுகக் காற்றாலைகள் எழும்பிய பிறகு அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. மனைவி சிசிலியா உயிலங்குளத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். காற்றாலைச் சத்தம்தான் காரணம் என்று ஊருக்குச் சொன்னார். காற்றாலை ஒருநாளும் “ஆகவே அன்பர்களே” என்று தொடங்குவதில்லை என்பதைத் தங்கைக்கு மட்டும் சொன்னார். போகும்போது, “ஏதாவது பாட்டைக் கேட்டுக்கொண்டு படுங்கோ” என்று கணவருக்கு ஒரு வழியும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த நாள் மன்னார் பட்டினத்தில், பெட்டியை விற்ற றிபாத்தின் கடைக்குப் போனார் கொலின்ஸ்.

“உள்ளுக்கு ஏதோ இருக்கு தம்பி. பழசை வித்துப்போட்டீரோ?”

“புதுசு சேர். கொம்பனியில செக் பண்ணேக்க பதிஞ்சிருப்பாங்கள். அழிச்சுவிடுறன்” என்றான் றிபாத். “என்ன பாட்டு ஏத்த?”

“நித்திரை வரக்கூடியதா.”

“அதுக்குச் சேரின்ர பேச்சொண்டை ஏத்தினாக் காணுமே.”

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கொலின்ஸ் அவர்கள் அதைச் செவிமடுக்காத உயரத்தில் நின்றார்.

“போனிலயே கேக்கலாமே சேர்?”

“போனில கேட்டா இடையில ஆக்கள் எடுப்பினம்.”

“சேரை ஆர் எடுக்கினம்?”

அதையும் அவர் செவிமடுக்கவில்லை. மாதா பாட்டுகளும் பழைய சினிமாப் பாட்டுகளும் ஏற்றிய பிளேயரைச் சட்டைப் பையில், பேனைக்குப் பக்கத்தில், பதக்கம்போலக் கொளுவிக்கொண்டு வீடு திரும்பினார்.

மத்தியானச் சோற்றின் பாரத்தோடு அவர் கட்டிலில் சாய்ந்தபோது, வெயில் மணலில் வெள்ளையாய்க் கொதித்து, மீன்வாடிப்பக்கம் காயும் கருவாட்டின் மணத்தை யன்னல் வழியாக அறைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது; மதில் நிழலில் ஒண்டிய கழுதைகள் தும்மின; காற்று பனையோலைகளை ஒன்றோடொன்று தேய்த்தது; இவை எல்லாவற்றுக்கும் அடியில், காதால் கேட்பதா எலும்பால் உணர்வதா என்று தெரியாத அந்தச் சத்தம், மிகப் பெரிய போர்வையொன்றை யாரோ உதறி, மடித்து, மனம்மாறி மறுபடி உதறுவதுபோல, நிற்காமல், அவசரப்படாமல், கரையோரமாய்ச் சுழன்றுகொண்டிருந்தது. இயர்போனைச் செருகினார். மாதா பாட்டு வந்து போர்வைச் சத்தத்தை மூடியது. கண்ணிமை கனத்தது. அம்மா தாயே, கடைசியில் நித்திரை.

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு சின்ன இடைவெளி. முதலில் அது வெறும் இடைவெளியாகவே இருந்தது. பிறகு சற்று நீண்டது. இன்னும் நீண்டது. அந்த இடைவெளிக்குள் கதைக்கத் தொடங்குமுன் ஒருவர் இழுக்கும் மூச்சு இருந்தது. அதற்குப் பின்னால், யன்னலுக்கு வெளியே நின்று கேட்பதுபோல, ஒரு மின்விசிறி தூரத்தில் கிரீச்சிட்டது. கொலின்ஸ் நித்திரைக்குள் இருந்துகொண்டே அந்தக் கிரீச்சை அடையாளம் கண்டார். அவருடைய தலைக்கு மேலே சுழல்வதுதான்.

“சரியான காத்து” என்றது ஒரு குரல். களைத்த குரல். ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியாத அளவுக்குக் களைப்பு. “கனநாளா நிக்கிறம்.”

“ஓம்” என்றார் கொலின்ஸ்.

அது அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்த காலத்துப் பழக்கம். எதிரில் இருப்பவர் மூச்சு விடும் இடம் பார்த்துச் சம்மதமாக ஓர் ஓம் சொல்வார். கேட்கவேண்டிய தேவையில்லை. காணிப் பிரச்சினை, ஓம். தோணி காணாமற்போனது, ஓம். இளைப்பாறிய பிறகு சமாதான நீதவானாகப் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும்போதும் அதேதான்; ஆள் சொல்லி முடிக்குமுன் ஓம், அதற்கு மேல் ஒரு றப்பர் முத்திரை.

“படுக்கேலாமக் கிடக்கு. கீழ எல்லாம் அதிருது.”

“ஓம்.”

“உங்களுக்கும் நித்திரை இல்லையாம்.”

“ஓம், ஓம்.”

“இஞ்ச இடம் இருக்குத்தானே?”

“ஓம்” என்று சொல்லிய தன் குரலே அவரை எழுப்பியது. காதுக்குள் மாதா பாட்டு, ஒன்றும் நடவாததுபோல, ஓடிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரையைப் பார்த்தார். பாட்டுகளின் வரிசைக்கு முடிவில், பெயரில்லாத ஒரு பதிவு.

அழித்தது. றிபாத் அவர் கண் முன்னால் அழித்த பதிவு.

மறுபடி பட்டினம். றிபாத் இயர்போனைத் தன் காதில் வைத்துக் கேட்டான். முகம் மலர்ந்தது.

“இதில மைக் இருக்கு சேர். நித்திரையில கை பட்டு ரெக்கோட் ஆகியிருக்கு. உங்கட குரல்தான்.”

“மற்றக் குரல்?”

“எந்தக் குரல்? சேர்தான் ஓம், ஓம், ஓம் எண்டுகொண்டு கிடக்கிறீங்கள். இடையில ஒண்டுமில்லை. காத்துத்தான்.” அவன் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டான்: “மிஸிஸ் ஊரில இல்லையெண்டீங்கள்? ஆருக்கு இவ்வளவு ஓம்?”

கொலின்ஸ் இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். ஓம். இடைவெளி. ஓம். இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியும் ஒரு கேள்வியின் நீளத்துக்கு வெட்டி வைத்ததுபோல இருந்தது. பரிசளிப்பு விழாக்களில் இசையை மெச்சிய மனிதக் குரல், அதுவும் அவருடைய சொந்தக் குரல், தான் எதற்குச் சம்மதிக்கிறதென்று தெரியாமல் சம்மதித்துக்கொண்டேயிருந்தது.

“எல்லாத்தையும் அழியும்” என்றார். “பாட்டையும்.”

“பாட்டு என்ன பாவம் செய்தது?”

“அழியும் தம்பி.”

வீட்டுக்கு வந்தபோது மைமல் பொழுது. கடல் பக்கம் வானம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பிளேயரை அலுமாரிக்குள், சிசிலியாவின் சேலைகளுக்கு அடியில், வைத்தார். தேத்தண்ணி ஊற்றினார். அப்போதுதான் கவனித்தார். காற்று விழுந்திருந்தது. ஓலைகள் அசையவில்லை. கழுதைகள் ஒன்றையும் காணவில்லை. கரையில் காற்றாலைகளின் கைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து, கடைசியில் எல்லாமே நின்றுவிட்டன. எத்தனையோ மாதமாய் அவர் வேண்டியிருந்த அமைதி. கோப்பைக்குள் சீனி கரைவது கேட்கும்போலிருந்தது. இன்று படுத்தால் நித்திரை வரும். நிச்சயமாக வரும்.

போன் அடித்தது. சிசிலியா.

“நித்திரை கொண்டனீங்களே?”

“இண்டைக்குக் கொள்ளுவன். காத்து நிண்டிட்டுது. நீர் எப்ப வாறீர்?”

சிசிலியா மறுமுனையில் எதையோ உற்றுக் கேட்பதுபோல இருந்தார்.

“ஆக்கள் வந்து நிக்கினம் போல” என்றார். “சொல்லியிருக்கலாமே. சரி, நீங்கள் கதையுங்கோ. நான் பிறகு எடுக்கிறன்.”

“சிசிலியா, இஞ்ச ஒருத்தரும்...”

வைத்துவிட்டார். மரியாதை தெரிந்த பெண். விருந்தினர் இருக்கும்போது தொந்தரவு செய்யமாட்டார்.

கொலின்ஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூடத்தில் எவரும் இல்லை. குசினியில் இல்லை. அறையில் இல்லை. அலுமாரியைப் பார்த்தார். அழித்தது உண்மைதானா? அதை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டால் படுக்கலாம். பார்க்காவிட்டால் முடியாது. சேலைகளை நீக்கிப் பிளேயரை எடுத்தார். அது சூடாயிருந்தது, யாரோ இவ்வளவு நேரமும் கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல.

திரையில் ஒரு வரியும் இல்லை. வெறுமை. இயர்போனைச் செருகினார். ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை. பெருமூச்சு விட்டார்.

காதுக்குள்ளும் ஒரு பெருமூச்சு.

பிறகு அந்தக் குரல். முன்னிலும் கிட்ட. முன்னிலும் களைப்பாக. ஆனால் அதில் இப்போது ஓர் இலேசு, கனநேரம் காத்திருந்தவர் வேலை முடிந்து எழும்பும்போது வருகிற இலேசு.

“அப்ப... வரட்டே?”

கொலின்ஸின் நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது. போகப்போகிறது. விடைபெறுகிறது. ஊரில் எந்த மனுசரும் போகும்போது கேட்கிற கேள்விதானே! கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

“ஓம், ஓம்! வாங்கோ! சந்தோசம், வாங்கோ!” என்றார், மேடைக்குரிய முழுக்குரலில். வந்தவரை வாசல் வரை கூட்டிச்சென்று வழியனுப்பும் நாகரிகம் தெரிந்தவர் என்பதால், கூடத்துக்கும் நடந்தார்.

கூடத்திலிருந்து எவரும் போகவில்லை. போகிற காலடி கேட்கவில்லை.

செத்த வீட்டிலிருந்து எழும்புகிறவன் வாறன் என்று சொல்லக்கூடாது, பேசாமற் போகவேண்டும் என்று இளைஞர்களுக்கு எத்தனை முறை புத்தி சொல்லியிருப்பார்! உயிரோடிருப்பவன்தான் போகும்போது வருகிறேன் என்பான். மற்றவர்கள்?

மற்றவர்கள் அதை எப்போது சொல்வார்கள்?

கனநாளா நிக்கிறம். எங்கே? மதிலில் மோதித் திரும்பும் காற்று. மதிலுக்கு வெளியே. கீழ எல்லாம் அதிருது என்றது காற்றாலைகள் ஊன்றிய மணலுக்குக் கீழே. குரல் ஒருநாளும் வீட்டுக்குள் இருக்கவில்லை. வெளியே நின்றது. நின்று கேட்டது. ஒவ்வொன்றாக, மரியாதையாக, கேட்டது.

அவர்தான் ஓம் என்றார்.

மதிலிலிருந்த படலை திறந்தது.

காற்றில்லை. ஆனாலும் திறந்தது.

மணலில் காலடி இல்லை. செருப்புக் கழற்றும் சத்தம் இல்லை. ஒரு மணம் மட்டும் வந்தது. தோண்டிய ஈரமணலின் மணம். கதவைப் பூட்டவேண்டும். கதவு பரக்கத் திறந்து கிடந்தது.

வாசல் இருண்டது.

முதலில் வந்தவை பாதங்கள். நிலத்தில் அல்ல. அவருடைய இடுப்பு உயரத்தில். வெறும் பாதங்கள், விரலிடுக்கெல்லாம் மணல், இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. செத்தவரை வீட்டைவிட்டுக் கொண்டுபோகும்போது கால்தான் முன்னுக்குப் போகும். இவை உள்ளே வந்தன. தோளில் சுமந்து வருவதுபோல மெல்ல ஆடி, ஆடி, உள்ளே. சுமப்பவர் இல்லை. முழங்கால் வந்தது. மடித்த கைகள் வந்தன. அந்த உடலின் தலை கதவு நிலையைத் தாண்டுமுன் அடுத்த சோடிப் பாதங்கள் வாசலில். அதற்குப் பின்னால் இன்னொரு சோடி. படலையடியில். மதில் நெடுக. மங்கிய வெளிச்சத்தில், கரைவரை, வரிசையாக, பொறுமையாக, படுத்தபடி.

வாய் பழக்கத்தில் “இருங்கோ” என்று சொல்லிவிட்டது.

வீட்டில் அத்தனை பேரும் குந்தியிருக்கக் கதிரை இல்லை.