நடு சீட்டு

நடு சீட்டில் தண்ணீர் நின்றது. நெடுமாறன் துணியால் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடியும் நின்றது. கயாக் படகில் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் ஓட்டை உண்டு, ஏறுகிற தண்ணீர் தானாக வடிந்துவிடும். முன் சீட்டிலும் பின் சீட்டிலும் அது ஒழுங்காக வடிந்துகொண்டுதான் இருந்தது. நடுவில் மட்டும் கலங்கலாக, அசையாமல் கிடந்தது.

"ஓட்டையில பாசி அடைச்சிருக்கும்க்கா. அந்த சீட்டு சும்மாதான இருக்கப்போவுது, விடுங்க" என்றான் நெடுமாறன். புதிதாக வருகிறவர்களுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லித் தருவது அவன் வேலை. இதழினியை முன்னால் உட்காரவைத்து, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, இழுத்துப் பார்த்தான். அம்மா சுமலதா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர்களுக்கு நடுவில் அந்தத் தண்ணீர் உட்கார்ந்திருந்தது.

"பயப்படாதீங்க. ஆறு தூங்குது. இடுப்பளவு ஆழந்தான்" என்று சொல்லிவிட்டு அவன் தன் கயாக்கில் முன்னால் போனான்.

சுமலதாவுக்குப் பயம் எங்கே இருந்தது? போன கார்த்திகையில் அவள் கணவன் ராஜ்கமல் கடலூர் ரோட்டில் லாரி மோதிச் செத்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழவில்லை. சுடுகஞ்சி கையில் கொட்டியபோதுகூட, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. கல்லு மாதிரி இருக்கிறாள் என்று முத்தியால்பேட்டையில் அவர்கள் தெருவே பேசியது. அவளுக்கும் அது சரியென்றே பட்டது. மிச்சமிருந்தது இதழினி ஒருத்திதான். ஏழு வயது. ராத்திரியில் மகள் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பாள் சுமலதா. அது நின்றால் தானும் நின்றுவிடுவோம் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் கயாக் போனார்கள் என்று அந்தக் குழந்தை நச்சரித்து நச்சரித்துத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே இழுத்து வந்திருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, இரண்டு கரையிலும் அலையாத்திச் செடிகளின் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்க, அவற்றுக்கிடையே நண்டுகள் ஓடும் சரசரப்பும், துடுப்பின் நுனியிலிருந்து சொட்டுகிற நீரின் ஓசையும், தூரத்துப் பாலத்தில் பஸ் போகிற அதிர்வும் ஒன்றோடொன்று கலந்து, உப்பும் அழுகிய இலையுமாய் வீசிய காற்றில் மிதந்து வந்தன. எல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும். அவளுக்கு அது பக்கத்து வீட்டு டிவியில் ஓடுகிற படம்.

ஆறு கடலோடு சேரும் இடத்தில் மணல் திட்டு தெரிந்தது. இதழினி துடுப்பை மடியில் வைத்தாள்.

"அம்மா, அப்பாவ இங்கதான விட்டோம்?"

அங்கேதான் அஸ்தி கரைத்தார்கள். அந்த இடம் வருவதற்கு முன்பே படகு திரும்பிவிடும் என்று சுமலதா நினைத்திருந்தாள். "ஆமாண்டா" என்றாள். அவளுக்குள் எதுவும் அசையவில்லை.

திரும்பலாம் என்று நெடுமாறன் கை காட்டினான். எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்லாமல் கிளம்பக்கூடாது என்று வளர்த்த பிள்ளை இதழினி. சுமலதாவின் வாய் பழக்கத்தில் தானாகச் சொன்னது: "அப்பாகிட்ட சொல்லிட்டுக் கெளம்பு."

"போய்ட்டு வரேம்பா" என்றாள் இதழினி, தண்ணீரைப் பார்த்து.

நெடுமாறனின் துடுப்பு அப்படியே நின்றது. "என்னக்கா நீங்க. சாவு வீட்டுலயே யாரும் சொல்லிக்கிட்டுக் கெளம்ப மாட்டாங்க. கரைச்ச எடத்துல போயி, வரேன்னு சொல்ல வெச்சிட்டீங்களே." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சரி, வாங்க. யாரும் திரும்பிப் பாக்காம வாங்க."

சுமலதாவுக்கு மட்டும் தெரியாதா? எத்தனை சாவு வீடுகளிலிருந்து வாயைத் திறக்காமல் நழுவி வந்திருக்கிறாள். மனசு மரத்துப்போனாலும் மரியாதை மட்டும் மரத்துப்போகவில்லை, அதுதான் காலை வாரிவிட்டது. அதை நினைத்துச் சங்கடப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வரும்போது லேசாக வந்த கயாக் இப்போது கனத்தது. இழுத்து இழுத்துப் போட்டாள். கடலில் ஏற்றம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஏற்றத்தில் தண்ணீர் படகை ஆற்றுக்குள்ளேதான் தள்ள வேண்டும். காற்று நின்றிருந்தது, நண்டுகளின் சத்தம் இல்லை. நனைந்த சாம்பலின் வாடை வந்தது.

"நாளைக்கு ஸ்கூல் இருக்கே" என்றாள் இதழினி.

"யாருகிட்ட பேசற?"

"அப்பா கேக்குது. எப்ப வரேன்னு."

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் அப்பாவை 'அது' என்பதுதான் வழக்கம். அப்பா வந்துச்சு, அப்பா சாப்புடுது. பாசம் கூடினால் அஃறிணை. இத்தனை வருஷத்தில் சுமலதா அந்தச் சொல்லைக் கவனித்ததே இல்லை. இன்று கவனித்தாள்.

"பேசாம வா."

"நான் பேசலம்மா. அதுதான் கேக்குது." கொஞ்சம் பொறுத்து, "அம்மா, தோள்ல கை வெக்காத. நனையுது."

சுமலதாவின் கைகள் இரண்டும் துடுப்பில் இருந்தன.

மகளின் முதுகைப் பார்த்தாள். ஆரஞ்சு ஜாக்கெட்டின் தோள்பட்டையில் ஈரம். ஐந்து விரல்கள். பெரிய விரல்கள்.

"நெடுமாறா" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. அவன் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். அவன் தோள்கள் விறைத்தன. கேட்டுவிட்டது. ஆனால் திரும்பவில்லை. துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டான்.

நடு சீட்டில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வழியவில்லை. விளிம்புக்கு மேலேயும் எழுந்து நின்றது.

"என்னங்க" என்றாள் சுமலதா அதைப் பார்த்து. "கொழந்தைய விட்டுடுங்க. தெரியாம சொல்லிச்சு. நான் வரேன்."

இதழினி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"நீ அப்பாவ விட்ட அன்னைக்கும் சொல்லிட்டுக் கெளம்பலியாம், இன்னைக்கும் சொல்லலியாம்மா. நான்தான் வரேன்னு சொன்னேனாம்."

சுமலதா துடுப்பைக் கீழே போட்டுவிட்டு முன்னால் பாய்ந்தாள். கை நடு சீட்டுக்குள் போனது. முழங்கை வரை. தோள் வரை. அடி இல்லை. குளிர்ந்தது. எலும்பு வரை குளிர்ந்தது. கார்த்திகைக்குப் பிறகு முதன்முதலாக அவளுக்கு உறைத்தது, உடனே எல்லாமும் சேர்ந்து உறைத்தது. அவள் மகளின் பெயரைச் சொல்லி அலறினாள்.

கயாக் சட்டென்று லேசானது.

முன் சீட்டில் யாரும் இல்லை. ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் கிடந்தது.

இதழினி படகுக்குப் பக்கத்தில் இருந்தாள். தண்ணீருக்கு மேலே. யாருமில்லாத ஓர் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள்; ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், கை யாருடைய கழுத்தையோ சுற்றி. ஆள் நடக்கிற நடைக்கு லேசாகக் குலுங்கியபடி, மணல் திட்டைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"போறேம்மா" என்றாள்.

தண்ணீர் முதலில் அவள் பாதத்தைத் தொட்டது. பிறகு முழங்கால். பிறகு மார்பு. அவள் சிரித்தபடி கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தலை மறைந்த பிறகும் அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது.