இல்லாத காலின் கட்டை விரல்

வலது காலின் கட்டை விரலில் யாரோ கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மணிமேகலை குனிந்து பார்க்கவில்லை. பார்க்க அங்கே என்ன இருக்கிறது? சர்க்கரைப் புண் முற்றி, போன மாதம்தான் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். கட்டிலில் சேலை தட்டையாகக் கிடந்தது. ஆனாலும் கயிறு இறுக்கியது. நரம்பு தெறிக்கிற மாதிரி இறுக்கியது.

அதைப் புருஷனிடம் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. பாண்டியராஜின் முகம் மலர்ந்துவிட்டது! கால் போனபோதுகூட பக்கத்தில் வந்து உட்காராத மனுஷன். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தத்துவ வாத்தியார். ஐரோப்பாக்காரன் எழுதியதைத் தமிழில் விளக்குவதுதான் வேலை. மனசு வேறு, உடம்பு வேறு, உடம்பு வெறும் எந்திரம் என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் சொன்னானாம். இல்லை, உடம்பை வைத்துத்தான் உலகத்தையே அறிகிறோம், உடம்புதான் நாம் என்று பிற்பாடு இன்னொருத்தன் சொன்னானாம். வெட்டுப்பட்ட கால் இன்னும் இருப்பதாக ஏன் தோன்றுகிறது என்பதில் இருவருக்கும் வழக்காம். அடுத்த வாரம் மதுரையில் கருத்தரங்கு. அவர் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்.

"வலியை அப்படியே சொல்லு மணி. உன் உடம்பு இன்னும் அந்தக் காலை விட்டுக்கொடுக்கல. அதான் விஷயமே."

"உங்க வெள்ளக்காரன் கால வெட்டிக்கிட்டா எழுதுனான்?"

அதையும் பதிவு செய்துகொண்டார், பாவி.

சனிக்கிழமை சாயங்காலம் எரியோட்டிலிருந்து தம்பி தங்கமுத்து ஒரு பை கத்திரிக்காயோடு வந்தான். வெட்டிய காலை ஆஸ்பத்திரியில் துணி சுற்றி அவன் கையில்தான் கொடுத்திருந்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் இருக்கும் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தவனும் அவன்தான். கயிறு என்று அவள் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது.

"அக்கா, செத்தவுகளுக்கு ரெண்டு கட்ட விரலையும் சேத்துக் கட்டித்தானே எடுக்குறோம்? ஒத்தக் கால எதோட கட்டுறதுன்னு எனக்குத் தெரியல. கட்டாம விட்டா எந்திரிச்சு வந்துரும்னு குழி வெட்டுற பொம்மையன் பயமுறுத்திட்டாரு. அன்னிக்குன்னு ஒரு அநாதப் பொணமும் வந்துச்சு. ரயில்ல அடிபட்ட ஆளு. அந்தாளுக்கும் ஒத்தக் காலுதான் மிச்சம், இடது காலு..."

"ஏலே, என்னடா செஞ்ச?"

"ஜோடியாக் கட்டி ஒரே குழியில போட்டோம்க்கா."

அந்தக் காலுக்குப் பக்கத்தில் சில்லென்று ஒன்று உரசிக்கொண்டே கிடப்பதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூசியது.

"இப்பவே போய் அந்தக் கயித்த அறுத்து விடுடா!"

பாண்டியராஜ் வாசலை மறித்துக்கொண்டார். "மாப்ள, கருத்தரங்கு முடியட்டும். இப்பப் போய் அறுத்தா அவளுக்கு வலி போயிடும். அப்புறம் நான் அங்க போய் என்னத்தப் பேசுறது?"

மச்சான் பேச்சை மீறிப் பழக்கமில்லாத பயல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டான். மணிமேகலைக்குப் பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். இருபது வருஷம் இந்த ஆளுக்கா சோறு வடித்துப் போட்டேன்?

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனது. காற்று திரும்பி, தோல் பதனிடும் ஷாப்புகளின் அழுகல் நாற்றத்தை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து கொட்டியது. அவர் மெழுகுவர்த்தி ஏற்றினார். டேப் ரெக்கார்டருக்கு பேட்டரி போட்டார். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு, செருப்பில்லாத காலை ஊன்றி உட்கார்ந்தார்.

"அந்தக் காலால நடக்குறதா நினைச்சுக்க. என்ன தெரியுதுன்னு சொல்லு."

"வேணாங்க. பயமா இருக்கு."

"சும்மா நினைப்புதானே? நட."

நடக்கிறேன்டா, என்று மனசுக்குள் பல்லைக் கடித்தாள்.

விரலை மடக்கினாள். மடங்கியது. இடுக்குகளில் ஈர மண் பிதுங்கியது. காலை இழுத்தாள், மேலே கிடந்த கனம் பொலபொலவென்று சரிய, சிலீரென்று காற்று பட்டது. கயிறு ஒரு முறை சுண்டியது. பக்கத்தில் கிடந்ததும் கூடவே எழுந்தது.

"சொல்லு, சொல்லு."

சொன்னாள். நெருஞ்சி முள் குத்துவதைச் சொன்னாள். கூர்கூரான ஜல்லியையும், வெயில் ஏறிய தண்டவாளம் இன்னும் ஆறாமல் சுடுவதையும் சொன்னாள். சாக்கடையில் கால் வழுக்கியதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "அருமை, அருமை" என்றார்.

தார் ரோடு. அப்புறம் மண். அப்புறம், அடிபம்பைச் சுற்றிக் கிடக்கும் சேறு.

அவள் பேச்சை நிறுத்தினாள். அது அவர்கள் தெரு அடிபம்பு.

நிற்கப் பார்த்தாள். முடியவில்லை. கயிறு இழுத்தது. அவள் நடக்கவில்லை, நடத்தப்பட்டாள்.

படி. சொரசொரப்பான சிமெண்ட். நிலைவாசல். மெழுகுவர்த்திச் சுடர் படுத்து எழுந்தது.

"ஏன் நிறுத்திட்ட?"

உள்ளங்காலில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. ரோமம். புடைத்த நரம்பு. புருஷனுடைய புறங்கால்.

காலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. உள்ளே கிடந்த ஆத்திரம் அத்தனையும் சேர்த்து மிதித்தாள்.

பாண்டியராஜ் குனிந்தார். அவருடைய இடது பாதத்தின் தோலில் ஐந்து விரல் பள்ளங்கள் விழுந்து, வெளுத்து, ஆழமாகிக்கொண்டிருந்தன. மேலே ஒன்றுமே இல்லை. காலை உருவப் பார்த்தார். வரவில்லை.

"மணி... விடு! விட்டுரு!"

அவள் விட்டுவிட்டாள். சத்தியமாக விட்டுவிட்டாள்.

அவருடைய வலது பாதத்தில் பள்ளங்கள் விழத் தொடங்கின. அகலமான விரல்கள். ஆம்பளை விரல்கள். எலும்பு ஒவ்வொன்றாக முறிந்தது.