இரண்டு உலுக்கு

சித்தி வாலுவுக்குத் தர வேண்டியது சரியாக முப்பத்தைந்து ரூபாய். இரண்டு ஞாயிறு நடக்கும் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிக்கு ஒரு ஜோடிக்கு எழுபது ரூபாய் கட்டணம். சித்திக்கு இன்னும் சம்பளம் வரவில்லை. அதனால் வாலுதான் தன் உண்டியலை உடைத்து இருவருக்கும் கட்டியிருந்தாள்.

முதல் ஞாயிறே மானம் போனது.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. சீட்டை இறக்கும் முன், அச்சிட்ட ஏல அட்டைகளை வைத்து ஏலம் கேட்க வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஏலத்தால் மட்டுமே ஜோடிக்குச் சொல்லலாம். கண்ணடித்தால் கள்ளாட்டம். எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று முன்பே பேசிவைக்கலாம். ஆனால் அதில் ரகசியம் கூடாது. எதிராளி கேட்டால், ஏலம் சொன்னவரின் ஜோடி விளக்கியாக வேண்டும்.

வாலு பதினான்கு அர்த்தங்களை எழுதிச் சித்தியிடம் கொடுத்திருந்தாள்.

அன்று அவள் ‘இரண்டு கிளாவர்’ என்ற ஏல அட்டையை வைத்தாள். அவளிடம் கிளாவர் இரண்டே இரண்டுதான். “உன்னிடம் இஸ்பேட் நான்கு இருக்கிறதா? ஆர்டின் நான்கு இருக்கிறதா?” என்று சித்தியைக் கேட்பதாக அதற்கு அர்த்தம்.

எதிராளியான முடிவெட்டும் அண்ணன் சித்தியைப் பார்த்தார். “அதுக்கு என்னக்கா அர்த்தம்?”

சித்தி விழித்தாள். “பேசித்தான் வெச்சோம்... மறந்துபோச்சு தம்பி.”

கிளாவர் நிறைய இருக்கிறது போலும் என்று நினைத்து, மேலே கேட்காமல் ‘பாஸ்’ வைத்துவிட்டாள். ஆட்டம் குப்புற விழுந்தது.

“முதல் தேதி உன் முப்பத்தஞ்சைக் குடுத்துடறேன். அதோட என்னை விட்டுடுடி” என்றாள் சித்தி, வெளியே வந்ததும். “துணி மடிக்கிற எனக்கு இதெல்லாம் ஏறாது. வேற ஜோடி பாரு.”

“இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருக்கு சித்தி.”

சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் சாப்பாடு கொடுக்கச் சலவைக்கூடத்துக்குப் போனாள் வாலு. சித்தியும் இன்னோர் அக்காவும் பெரிய விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் இரைச்சலில் பேச்சே கேட்காது. ஆனாலும் ஒரு மடிப்பும் கோணவில்லை.

“எப்படி?” என்று காதருகே கத்தினாள் வாலு.

“ஒரு உலுக்குன்னா மடி. ரெண்டு உலுக்குன்னா திருப்பு. அவ்ளோதான்!”

“முன்னாடி ஏழெட்டு வெச்சிருந்தோம்” என்று அந்த அக்காவும் கத்திச் சொல்லிச் சிரித்தாள். “சாயங்காலம் அசதியில எல்லாம் மறந்துபோகும். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு நிப்போம்!”

வீட்டுக்கு வந்த வாலு பென்சிலை எடுத்தாள். பதினான்கில் பன்னிரண்டை அடித்தாள். ஆர்டின் நிறைய இருந்தால் ‘இரண்டு டைமன்’ என்று சொல்லும் வித்தைதான் அவளுக்கு உயிர். அந்தப் பன்னிரண்டில் அதுவும் ஒன்று.

“ஆர்டின் இருந்தா ஆர்டின்னே சொல்றேன் சித்தி.”

சித்தி தாளை வாங்கிப் பார்த்தாள். “இவ்ளோதானா?” என்று கேட்டவள், மெல்லச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு, கடைசி ஆட்டம். சித்தி ஏலத்தைத் தொடங்கினாள். வாலுவின் கையில் ஆறு ஆர்டின், ஆனால் ஒரு ராஜாகூட இல்லை. பழக்கதோஷத்தில் விரல் ‘இரண்டு டைமன்’ அட்டைக்குப் போய்விட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டு ‘இரண்டு ஆர்டின்’ அட்டையை வைத்தாள்.

மறுபடி அதே முடிவெட்டும் அண்ணன். “அர்த்தம் என்னக்கா?”

சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவகிட்ட ஆர்டின் நிறைய இருக்கு. பலம் கம்மி. நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்!”

மேசையே சிரித்தது. சித்தி ‘பாஸ்’ வைத்தாள். இரண்டு ஆர்டினுக்கு எட்டுப் பிடி, அதாவது எட்டுச் சுற்று, ஜெயிக்க வேண்டும். வாலு சரியாக எட்டுப் பிடித்தாள்.

பன்னிரண்டு ஜோடியில் ஐந்தாவது இடம். பரிசு ஒன்றுமில்லை. முதல் தேதிச் சம்பளம் வந்திருந்தது. சித்தி நேராகக் கட்டணம் வாங்குபவரிடம் போய் எழுபது ரூபாயை வைத்தாள்.

“அடுத்த போட்டிக்கு. என் பங்கு முப்பத்தஞ்சு, இவளுக்கு நான் தர வேண்டியது முப்பத்தஞ்சு. கணக்குத் தீர்ந்துது.”

“ஜோடி யாரு?”

சித்தி வாலுவின் கையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். “இவதான்!”